பொருள், பொது, நடு

புதுக்கவிதை பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறது: இதற்கு என்ன அர்த்தம்? கேட்பவர் தமிழ்ப் பண்டிதராக இருக்கலாம், வாரப் பத்திரிகை வாசகராக இருக்கலாம், கவிதை எழுதுகிற நண்பராகவே இருக்கலாம். பதில் சொல்ல முயன்றவர்கள் நிறையப் பேர். கேள்வியைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு. அர்த்தம் என்று நாம் கேட்பது எதை? வெகு காலமாக எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு. தமிழில் யோசித்தபோது பிடிபடாத சில விஷயங்கள் ஓர் ஆங்கிலச் சொல்லின் வழியாக யோசித்தபோது துலங்கின. அவற்றை எழுதிப் பார்க்கிறேன்.

எம், இ, ஏ, என் என்ற நான்கு எழுத்துக்களாலான சொல் அது. ஆங்கிலத்தில் தினமும் புழங்குவது. தமிழ் எழுத்தில் எழுதினால் நீரில் நீந்துகிற மீனாகிவிடும். வானத்தில் மின்னுவதும் நமக்கு மீன்தான். இந்த ஒலியொற்றுமையை வைத்துத்தான் சிந்துவெளி முத்திரைகளின் மீன் குறியை நட்சத்திரம் என்று ஹீராஸ் பாதிரியார் தொடங்கி அஸ்கோ பர்ப்போலா வரை சிலர் படித்துப் பார்த்தார்கள். இன்னும் முடிவாகாத வாதம் அது. ஒரே ஒலியில் இரண்டு அர்த்தங்கள் வந்து குடியேறுவது விபத்துதான் என்றாலும், மனிதன் அந்த விபத்தைச் சும்மா விடுவதில்லை என்பதற்காகச் சொன்னேன். இனி நான் 'மீன்' என்று எழுதுவதெல்லாம் ஆங்கில மீன்.

பள்ளியில் இந்தச் சொல் மூன்று வகுப்புகளில் மூன்று ஆட்களாக எனக்கு அறிமுகமாயிற்று. ஆங்கில வகுப்பில் அது வினை: இந்தப் பதம் எதைக் குறிக்கிறது என்ற கேள்வியில் வருவது. கணக்கு வகுப்பில் அது சராசரி: எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது. மூன்றாவது வகுப்பில் அது வசவு. பக்கத்துப் பையனின் பேனாவை ஒளித்து வைத்தவனை வாத்தியார் அந்தச் சொல்லால் திட்டினார். அற்பப் பயல் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மூன்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் என்பதை யாரும் விசேஷமாக நினைக்கவில்லை. அகராதி பார்க்கிற பழக்கம் வந்த பிறகுதான் மூவரும் ஒரு தாய்ப் பிள்ளைகள் அல்ல, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரே சத்திரத்தில் தங்கியவர்கள் என்று தெரிந்தது.

முதலாவது, பொருள்படுதல் என்கிற வினை. பழைய ஆங்கிலத்திலிருந்தே வருவது. ஜெர்மன் மொழியின் 'மைனன்' இதன் உடன்பிறப்பு. ஆனால் ஜெர்மானியன் ஒரு காரியத்தில் ஜாக்கிரதையாக இருக்கிறான். மனிதன் ஒன்றைக் கருதினால் அவனுக்கு 'மைனன்'. சொல்லோ குறியோ ஒன்றைக் குறித்தால் 'பெடாய்ட்டன்' என்று பெரும்பாலும் வேறு வினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒன்றே. நான் கருதுவதும் 'மீன்', என் சொல் குறிப்பதும் 'மீன்', மேகம் மழையைக் காட்டுவதும் 'மீன்'. 1957இல் கிரைஸ் என்ற தத்துவவாதி எழுதிய சிறு கட்டுரை இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகவே எழுதப்பட்டது. உடம்பில் தெரியும் புள்ளிகள் தட்டம்மையைக் குறிப்பது வேறு, மனிதன் பேச்சால் ஒன்றைக் குறிப்பது வேறு என்று அவர் பிரித்துக் காட்டவேண்டியிருந்தது. அதற்கு முன்பே 1946இல் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் கவிஞனின் உத்தேசத்தைக் கவிதையின் அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்று வாதாடினார்கள். நாமெல்லோரும் மேற்கோள் காட்டிச் சலித்த வாதம். ஆனால் அந்த வாதத்துக்கு அத்தனை அவசரம் ஏற்பட்டதில் ஆங்கில வினைச்சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எனக்குப் படுகிறது. கவிஞன் செய்வதற்கும் கவிதை செய்வதற்கும் ஒரே வினை இருக்கிற மொழியில் இரண்டையும் பிரிக்கக் கத்தி வேண்டும்.

தமிழில் அது தானாகவே பிரிந்திருக்கிறது. கவிஞன் கருதுகிறான், எண்ணுகிறான், சொல்ல வருகிறான். பொருள்படுவது சொல் மட்டும்தான். 'கவிஞன் பொருள்பட்டான்' என்று தமிழில் எழுதிவிட முடியாது. இருந்தும் நம் பள்ளி வினாத்தாள்கள் பாடலை அச்சிட்டுவிட்டு, கவிஞர் கூற வருவது யாது என்றுதான் கேட்கின்றன. மொழி இடம் கொடுக்காத குழப்பத்தை வினாத்தாள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

இந்த வினைக்கு அதே உருவத்தில் இன்னொரு வினையும் பழைய ஆங்கிலத்தில் உண்டு. புலம்புதல் என்று அர்த்தம். இன்று 'மோன்' என்ற சொல் அதன் உறவாக நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், காதலன் பிணத்தருகே அழும் திஸ்பியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இந்த 'மீன்' வருகிறது. 18ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் தியோபால்டுக்கு அது பிழையாகத் தெரிந்தது. 'மோன்' என்று திருத்தினார். திருத்தியிருக்க வேண்டியதில்லை. பழைய சொல்லுக்குள்ளேயே அழுகை இருந்தது.

இரண்டாவது 'மீன்'தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. அற்பம், கீழ்மை, கருமித்தனம், குரூரம் என்றெல்லாம் இன்று அர்த்தம் தருகிற பெயரடை. இதன் பழைய அர்த்தம் இவற்றில் எதுவுமில்லை. பொது என்பதுதான் அர்த்தம். பலருக்கும் சேர்ந்து உரியது. 'காமன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

இந்தப் பழைய அர்த்தத்தை ஸ்தூலமாகப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. வெஸ்ஸெக்ஸ் நாட்டு அரசன் இனே ஏறக்குறைய 690இல் பிறப்பித்த சட்டங்கள். பிற்காலத்து ஆல்ஃப்ரெட் அரசனின் சட்டத் தொகுப்போடு சேர்ந்து அவை நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதில் 42ஆவது விதி ஒரு புல்வெளியைப் பற்றியது. குடியானவர்கள் சிலருக்குப் பொதுவில் ஒரு புல்வெளியோ பங்கு நிலமோ இருக்கிறது. அவரவர் பங்குக்கு வேலி போடவேண்டும். சிலர் போட்டுவிட்டார்கள், சிலர் போடவில்லை. அந்த இடைவெளி வழியாக மாடுகள் புகுந்து எல்லோருடைய புல்லையும் மேய்ந்துவிட்டால், வேலி போடாதவர்கள் போட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் விதி. அதில் 'பொதுவான' என்று வருகிற சொல்தான் இன்றைய 'மீன்' ஆயிற்று. 'குடியானவர்கள்' என்று வருகிற சொல் 'சர்ல்' ஆயிற்று: முரடன், பண்பற்றவன். நிலத்தில் உழைத்த சுதந்திர மனிதனின் பெயரும், அவன் அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொண்ட உரிமையின் பெயரும் ஒரே வரியில் களங்கமில்லாமல் நிற்கின்றன. நூற்றாண்டுகள் கழித்து இரண்டுமே வசவுகள்.

இது தற்செயல் அல்ல. பண்ணையில் வேலை செய்தவன் 'வில்லன்' ஆனான். மக்கள் கூட்டத்தைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து 'வல்கர்' வந்தது. மறுபக்கம், நல்ல குலத்தில் பிறந்தவன் என்பதைக் குறித்த 'நோபிள்', 'ஜென்டில்' எல்லாம் குணச்சிறப்புகளாயின. சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியான 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' நூலில் இந்தப் போக்கைக் கவனித்து எழுதியிருக்கிறார். அந்தஸ்தைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிக்கிற சொற்களாக மாறிவிடுகின்றன. அகராதியை யார் எழுதுகிறார்கள், யார் வசவைப் பெற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. ஜெர்மனிலும் இதே கதிதான்: 'கெமைன்' என்றால் இழிந்தது என்றாகிவிட்டது, ஆனால் அதன் கிளையான 'கெமைன்டெ' ஊர்ச் சமூகம் என்ற கௌரவத்தோடு தப்பித்திருக்கிறது.

சரிவு படிப்படியாக நடந்தது. பொது, பிறகு சாதாரணம், பிறகு தாழ்ந்தது, பிறகு காசைப் பிடித்துக்கொள்கிறவன். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் குரூரமானவன். அதே அமெரிக்கப் பேச்சில் பிறகு ஒரு விசித்திரமான திருப்பமும் ஏற்பட்டது: ஒருவன் கிதார் அபாரமாக வாசித்தால், அந்த வாசிப்புக்கும் இந்தப் பெயரடையே பாராட்டு. வேர்ட்ஸ்வொர்த் 1807இல் அச்சான தன் 'அமரத்துவ' ஓடின் முடிவில் ஒரு பூவுக்கு இந்தச் சொல்லின் உச்ச வடிவத்தைக் கொடுக்கிறார். இன்றைய மாணவன் அகராதியை அரைகுறையாகப் பார்த்தால், மிகக் குரூரமான பூ என்று படித்துவிடுவான். வேர்ட்ஸ்வொர்த்துக்கு அது எளியதிலும் எளிய பூ. சாதாரண மனிதரின் பேச்சைக் கவிதைக்கு மீட்கவேண்டும் என்று 1800இல் முன்னுரை எழுதியவர், சரிந்துகொண்டிருந்த ஒரு சொல்லை ஒரு பூவின் அளவுக்காவது தூக்கிப் பிடித்தார்.

நம்மிடம் 'பொது' அவ்வளவு மோசமாக விழவில்லை. தில்லை அம்பலத்துக்கே பொது என்று பெயர். ஆனால் 'பொதுமகளிர்' என்று எழுதியவர்களும் நாம்தான். பெண் என்று வந்தவுடன் அந்தச் சொல் விழுந்துவிட்டது. இன்னொன்று. எல்லோருக்கும் பொதுவான பேச்சுத் தமிழைக் கொச்சை என்று அழைத்தோம். எழுத்தில் அதைக் கொண்டுவந்தவர்களை மொழியைக் கெடுத்தவர்கள் என்றோம். ஆங்கிலத்தின் 'மீன்' நடந்த பாதை நமக்கு அந்நியமானதல்ல.

மூன்றாவது 'மீன்' பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. நடு என்று அர்த்தம். சம்ஸ்கிருத 'மத்ய' இதற்குத் தூரத்து உறவு. ஆக, கணக்கு வகுப்பின் சராசரிக்கும் நம் மத்திய அரசுக்கும் எங்கோ ஒரு பாட்டி. நடு என்பதற்கு நம் மரபில் நல்ல பெயர். நடுவு நிலைமை குறளில் தனி அதிகாரம். அரிஸ்டாட்டிலும் இரண்டு எல்லைகளுக்கு நடுவே நற்குணத்தை வைத்தார். ஆனால் அதே லத்தீன் வேரிலிருந்து 'மீடியாக்கர்' என்ற சொல்லும் வந்திருக்கிறது. நடுத்தரம் என்பது மட்டரகத்துக்கு அடுத்த வீடாகிவிட்டது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த இரண்டாவது 'மீனை' இந்த நடுத்தர 'மீன்' மேலும் கீழே தள்ளியது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். உறவில்லாத இருவர், ஒரே பெயர் என்பதால் ஒருவர் கடனை மற்றவர் சுமந்தார்கள்.

நடுவில் நிற்பது எதுவோ அதுவே கருவி. செய்கிறவனுக்கும் காரியத்துக்கும் நடுவில் இருப்பது. இப்படித்தான் 'மீன்ஸ்' என்ற பன்மை வழிவகை என்றாயிற்று. பிறகு, வழிவகைகளில் எல்லாம் பெரிய வழிவகையான பணம் என்றாயிற்று. இந்த அர்த்தத்தில்தான் இங்கிலாந்தின் உழைப்பாளி வீடுகளுக்குள் அந்தச் சொல் 1931இல் நுழைந்தது. வேலையில்லாதவர்களுக்கு இன்ஷூரன்ஸ் தொகை தீர்ந்த பிறகு உதவி தரவேண்டுமானால் 'மீன்ஸ் டெஸ்ட்' நடத்தவேண்டும் என்று அந்த ஆண்டு அரசாங்கம் விதித்தது. அதிகாரி வீட்டுக்கு வருவார். யார் யாருக்கு என்ன வருமானம், சேமிப்பு உண்டா, என்ன தட்டுமுட்டுச் சாமான் இருக்கிறது என்று பார்ப்பார். மகனின் கூலியும் கிழவரின் பென்ஷனும் குடும்பக் கணக்கில் சேரும். அதற்கேற்ப உதவி குறையும். இதனால் குடும்பங்கள் உடைந்ததை, வயோதிகர்கள் வீட்டை விட்டுப் போகவேண்டியிருந்ததை, ஆர்வெல் 1937இல் 'தி ரோட் டு விகன் பியர்' நூலில் எழுதியிருக்கிறார். குடும்பம் முழுவதையும் கணக்கில் எடுக்கும் அந்த முறை 1941இல்தான் சட்டப்படி போயிற்று.

இதன் ஒரு சின்ன நிழல் என் மேலும் விழுந்ததுண்டு. கல்லூரியில் 'மெரிட் கம் மீன்ஸ்' என்று ஓர் உதவித்தொகை. மதிப்பெண்ணும் இருக்கவேண்டும், வசதியும் இல்லாதிருக்கவேண்டும். வசதியில்லை என்பதற்கு வருமானச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை. அம்மா அன்றைக்கென்று சொம்பில் நெருப்புக் கங்கு போட்டுத் தேய்த்துக் கொடுத்தது. "பாத்தா அப்படித் தெரியலையேப்பா" என்றார். அவர் கெட்டவரல்ல. நான் ஏழை என்பதை அவர் கண்ணுக்குத் தெரியும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அந்தப் படிவத்தில் இருந்த 'மீன்ஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் நின்றபோது, ஆங்கில வகுப்பில் படித்த 'மீனிங்' ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் அகராதியில் உறவில்லை. ஆனால் இரண்டு கேள்விகளும் என்னிடம் ஒரே குரலில் கேட்கப்பட்டதாகவே தோன்றியது: உன்னிடம் என்ன இருக்கிறது, காட்டு.

இனித் தமிழுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் மூன்று ஊர்க்காரர்கள் தற்செயலாகச் சந்தித்ததைத் தமிழ் ஒரே சொல்லின் ரத்தத்தில் வைத்திருக்கிறது. பொருள். அர்த்தமும் பொருள், செல்வமும் பொருள், கையால் தொடக்கூடிய வஸ்துவும் பொருள். தொல்காப்பியத்தில் பொருளதிகாரம் கவிதையின் உள்ளடக்கத்தைப் பேசுகிறது. குறளின் பொருட்பால் அரசையும் செல்வத்தையும் பேசுகிறது. அகப்பாட்டுத் தலைவன் பொருள் தேடிப் பிரிகிறான். உரைகாரர் அந்தப் பாட்டுக்குப் பொருள் சொல்கிறார். வடமொழிப் பக்கம் ஒதுங்கியும் தப்பிக்க முடியாது. அர்த்தம் என்ற சொல்லுக்கும் இதே கதைதான். கௌடில்யரின் நூலுக்குப் பெயர் அர்த்த சாஸ்திரம்.

ஒரு மொழிபெயர்ப்பின்போது இது எனக்கு முழு உருவத்தில் தெரிந்தது. ஆர்ச்சிபால்ட் மக்லீஷின் 'ஆர்ஸ் பொயட்டிகா', 1926. அதன் முடிவில் 'மீன்' என்ற வினையும் இருத்தல் என்ற வினையும் எதிரெதிரே நிற்கின்றன. கவிதை எந்தப் பக்கம் என்று மக்லீஷ் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். பழம், பழைய பதக்கம், தேய்ந்த கல் என்று தொடக்கூடிய வஸ்துக்களைக் காட்டி அந்தத் தீர்ப்புக்கு வருகிறார். ஆங்கிலத்தில் எதிர்ப்பு துல்லியமாக இருக்கிறது. தமிழில் எழுத உட்கார்ந்தால் பொருள்படுவதும் பொருள், பொருளாக இருப்பதும் பொருள். எதிரிகள் இருவரும் ஒரே ஆள். பல நாள் அந்த இடத்தில் நின்றேன். கடைசியில் பொருள் என்ற சொல்லையே விட்டுவிட்டுச் சுட்டுதல் என்று போட்டேன். மக்லீஷ் சொல்வது வந்துவிட்டது. தமிழ் சொல்லியிருக்கக்கூடியது வரவில்லை.

அது அச்சான பத்திரிகையை அப்பா எடுத்துப் பார்த்தார். மளிகை மண்டியில் கணக்கு எழுதியவர். இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல என்னடா சரக்கு இருக்கு?" என்று கேட்டார். கேலியில்லை, அவருக்குத் தெரிந்த சொல் அது. மண்டியில் வந்திறங்குவதும் சரக்கு, ஆளிடம் இருக்கவேண்டிய விஷயஞானமும் சரக்கு. நான் ஏதோ விளக்கினேன். ஆனால் அதே அப்பா ஒரு புளி உருண்டையைக் கையில் வாங்கி, அமுக்கி, முகர்ந்து, எந்தச் சீமைப் புளி, எத்தனை மாதத்துப் புளி என்று சொல்லிவிடுவார். புளிக்கு என்ன அர்த்தம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பொருளைப் பொருளாக எடுத்துக்கொள்கிற பயிற்சி அவருக்கு இருந்தது, எங்களில் பலரைவிட அதிகமாகவே. கவிதைக்கு முன்னால் மட்டும் அந்தப் பயிற்சி செல்லாது என்று அவருக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். வினாத்தாள் சொல்லியிருக்கலாம். நம் விமர்சனமும் சொல்லியிருக்கலாம்.

ஏனென்றால் நம் விமர்சனத்தில் பெரும்பகுதி கவிதைக்கு நடத்துகிற 'மீன்ஸ் டெஸ்ட்'தான். உள்ளே நுழைந்து சாமான்களை எண்ணுகிறோம். இத்தனை படிமம், இத்தனை தத்துவம், இன்ன சமூகப் பார்வை. கையிருப்பு போதவில்லை என்றால் நிராகரிப்பு. முற்போக்கு விமர்சகர் ஒரு படிவம் வைத்திருக்கிறார், தூய இலக்கிய விமர்சகர் வேறு படிவம் வைத்திருக்கிறார். இரண்டு பேரும் கேட்பது சான்றிதழ். இதற்கு எதிர்வினையாக நம் கவிஞர்களில் சிலர் அர்த்தத்தைப் பெட்டியில் பூட்டி, அந்தரங்கச் சொத்து என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். சோதிக்கிறவனும் பூட்டுகிறவனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். அர்த்தம் என்பது யாரோ ஒருவருடைய உடைமை என்று இருவருமே நம்புகிறார்கள்.

வேர்ச்சொல்லைக் காட்டி இதை மறுக்க நான் வரவில்லை. சொல்லைப் பிளந்து உள்ளே தத்துவம் எடுக்கிற வித்தையில் எனக்கு நம்பிக்கையில்லை. பொருள்படுதல் என்ற 'மீனும்' பொது என்ற 'மீனும்' ஒன்றென்று சொல்ல அகராதி எனக்கு அனுமதி தரவில்லை. இருந்தாலும் ஒரே எழுத்துக்கூட்டலில் அவை அருகருகே படுத்திருப்பதைப் பார்த்த பிறகு, இனே அரசனின் புல்வெளியை விட்டு என்னால் நகர முடியவில்லை. அந்தப் புல் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. அதனால் அது யாருடைய பொறுப்பும் இல்லை என்றும் ஆகிவிடவில்லை. ஆளுக்கு ஒரு பங்கு வேலி. கவிஞன் தன் பங்கைப் போட்டுவிட்டு, மீதி இடைவெளி வாசகன் பாடு என்று நிற்கலாம். வாசகன் வேலியே போடாமல் வந்து, புல் எங்கே என்று கேட்கக்கூடாது. தன் பங்கைச் சரியாகப் போடாத கவிஞனும், வாசகனுக்குப் புத்தியில்லை என்று சொல்லித் தப்பிக்கக்கூடாது. மாடு புகுந்தால் யார் பங்கில் இடைவெளி இருந்தது என்று பார்ப்பதுதான் விமர்சகனின் வேலை. வீட்டுச் சாமான்களை எண்ணுவதைவிடக் கஷ்டமான வேலை அது. கவிதையின் ஒவ்வொரு வரியோடும் கூடவே நடந்து பார்க்கவேண்டியிருக்கும்.